முன்னே ஓடுபவர் ஏன் பின்தங்குகிறார்?

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மாலை. அப்போது போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில், எங்கள் கிளையின் அன்றைய கணக்கு முடிப்பு ஏறத்தாழ நிறைவுற்றிருந்தது. இத்தீவுகளில் அப்பருவத்தில் ஐந்து மணி கடந்ததுமே இருள் கவியத் தொடங்கிவிடும். உணவறை மேசையில் ஒரு கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஆறேழு பேர் சூழ்ந்து நின்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் மகளிர் 5,000 மீட்டர் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டரைச் சுற்றுகள் கொண்ட அந்த ஓட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜப்பானின் ரிரிகா ஹிரோனாகா. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் ஏழாவதாக வந்தவர். அவர் பின்னே நம் பாருல் சௌத்ரி. முந்தைய நாள்தான் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் வெள்ளி வென்றிருந்த கால்கள். கடைசி வளைவு முடிந்தபோதும் ஜப்பானியரே முன்னிலையில் இருந்தார். வெள்ளி உறுதி என்று எங்களில் ஒருவர் நாற்காலியை நகர்த்தி எழுந்தே விட்டார். எஞ்சியிருந்த முப்பது மீட்டர் அளவில் பாருல் அவரைக் கடந்தார். பாருலின் நேரம் 15 நிமிடம் 14.75 நொடி; ஹிரோனாகாவின் நேரம் 15 நிமிடம் 15.34 நொடி. வேறுபாடு ஒரு நொடியில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு. தூரமாகச் சொன்னால் மூன்றரை மீட்டர் அளவு.

அந்த மூன்றரை மீட்டரின் மதிப்பு பாருலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தங்கம் வென்றால் உத்தரப் பிரதேசக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பதவி கிடைக்கும் என்ற எண்ணமே இறுதி மீட்டர்களில் தம் மனத்தில் ஓடியதாக அவர் பின்னர் செய்தியாளர்களிடம் கூறினார். அப்பதவி அவருக்குக் கிடைக்கவும் செய்தது.

எங்கள் ஊழியர் ஒருவர், "வேலையெல்லாம் ஜப்பான் பொண்ணு பார்த்துச்சு, கூலியை நம்ம பொண்ணு வாங்கிடுச்சு" என்றார். சிரித்தோம். ஆனால் இதே பேச்சைச் சிறிது காலம் கழித்து வேறொருவர் வாயிலாக வேறு குரலில் கேட்க நேர்ந்தது. பம்பூ பிளாட்டிலிருந்து படகேறி வரும் வாடிக்கையாளர் ஒருவர். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய மகன் பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் 1,500 மீட்டர் ஓடுகிறான். "சார், மூணு ரவுண்டும் அவன்தான் முன்னாடி ஓடுறான். கடைசி ரவுண்டுல எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. ஒரு சர்டிஃபிகேட் கிடைச்சா பின்னாடி வேலைக்கு உதவும். இவன் முன்னாடி ஓடுறது தப்பா?" என்று அவர் கேட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டின் அருமையை அறிந்த எவரும் அக்கேள்வியைச் சிறிய கேள்வி என்று தள்ளிவிட இயலாது. நாங்கள் பயிற்றுநர்கள் அல்லர். எனினும் பல ஆண்டுகளாக இவ்வோட்டங்களைப் பார்த்து வருகிறோம். அத்தாய்க்குச் சொன்னதையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நெடுந்தூர ஓட்டப் பந்தயங்கள் இருவகைப்படும் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். டைமண்ட் லீக் போன்ற போட்டிகளில் நேரமே நோக்கம். அங்கே 'பேஸ்மேக்கர்' எனப்படும் ஓட்டக்காரரை ஊதியம் கொடுத்து அமர்த்துவர் (இதயத்தில் பொருத்தும் கருவிக்கும் இவருக்கும் பெயரளவில்தான் உறவு). அவர் தொடக்கச் சுற்றுகளைக் குறித்த வேகத்தில் ஓடி, காற்றைப் பிளந்து வழிவிட்டு, பாதியில் விலகிக்கொள்வார். தளத்தின் ஓரத்தில் விளக்குகளும் வேகத்தைக் காட்டி முன்னே ஓடும். ஒலிம்பிக், உலகச் சாம்பியன் போட்டி, ஆசியப் போட்டி ஆகியவற்றில் இவை எவையும் இல்லை. அங்கே பதக்கம் இடத்துக்கே உரியது, நேரத்துக்கு அன்று. ஆகவே, முதலில் யார் முன்னே போவது என்பதே ஒரு பேரமாகிவிடுகிறது. எவரும் போக விரும்பாவிட்டால் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் பள்ளிச் சிறுவர்களைப் போல் மெல்ல ஓடும் காட்சியைக் காணலாம்.

2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் ஆடவர் 1,500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்காவின் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் தங்கம் வென்ற நேரம் 3 நிமிடம் 50.00 நொடி. உலகச் சாதனையோ 3 நிமிடம் 26.00 நொடி, மொராக்கோவின் ஹிஷாம் எல் கெருஜ் 1998-இல் நிகழ்த்தியது. சில வாரங்களுக்குப் பின் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உடையோருக்கான 1,500 மீட்டர் ஓட்டத்தில் அல்ஜீரியாவின் அப்தெல்லத்தீப் பாகா 3 நிமிடம் 48.29 நொடியில் வென்றார். அவரோடு சேர்த்து நால்வர் ஒலிம்பிக் தங்க நேரத்தைவிட விரைவாக ஓடினர். ஒலிம்பிக் வீரரையே பாராலிம்பிக் வீரர் வென்றுவிட்டார் என்று அப்போது பலர் வியந்து எழுதினர். பாகாவின் ஓட்டம் சிறப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒப்பீடு பிழையானது. சென்ட்ரோவிட்ஸ் முதல் இரு சுற்றுகளை உலாப்போல ஓடி, கடைசிச் சுற்றை 51 நொடிக்குள் முடித்தார். அவரிடம் 3 நிமிடம் 48 நொடியைக் கேட்டவர் எவரும் இல்லை, முதலிடத்தையே கேட்டனர்.

மெதுவான ஓட்டம் எவருக்கு நன்மை, எவருக்குத் தீமை என்பதை விளக்க எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உவமையை எடுத்துக்கொள்கிறோம். ஓடுபவரின் உடலுக்கு இரு வகை வரவு உண்டு. ஒன்று, மூச்சின்வழி வரும் ஆக்சிஜனைக் கொண்டு தசைகள் ஆக்கும் ஆற்றல். இது மாதச் சம்பளம் போன்றது. தொடர்ந்து வரும், ஆனால் ஒரு நேரத்தில் குறித்த அளவுக்கு மேல் வராது. மற்றொன்று, ஆக்சிஜன் போதாதபோது அஃது இன்றியே தசைகள் விரைந்து ஆக்கும் ஆற்றல். இஃது ஓவர் டிராஃப்ட் எனப்படும் மிகைப்பற்று. கேட்ட உடனே கிடைக்கும்; ஆனால் வரம்பு சிறியது. வரம்பு தீர்ந்தால் கால்கள் கனக்கும். வேகத்தைக் குறைத்தாலன்றி அக்கடன் அடையாது.

சிலருக்குச் சம்பளம் பெரிது, மிகைப்பற்று வரம்பு சிறிது. இவர்கள் பன்னிரண்டு சுற்றுகளையும் ஒரே சீரான உயர்வேகத்தில் ஓடவல்லவர்கள்; கடைசி இருநூறு மீட்டரில் பாய்ச்சல் இல்லாதவர்கள். வேறு சிலருக்குச் சம்பளம் சற்றுக் குறைவு, வரம்போ பெரிது. ஓட்டம் மெதுவாகச் சென்றால் இருசாராரும் சம்பளத்துக்குள்ளேயே செலவு செய்துகொண்டு, மிகைப்பற்றை ஒரு காசும் தொடாமல் கடைசிச் சுற்றின் மணி அடிக்கும் இடத்துக்கு ஒன்றாக வந்து சேர்கின்றனர். அதன்பின் வெல்பவர் வரம்பு பெரியவரே. ஓட்டம் தொடக்கத்திலிருந்தே வேகமாகச் சென்றால் சம்பளம் குறைந்தவர் ஆறாவது சுற்றிலேயே மிகைப்பற்றில் கை வைக்க நேரும். மணி அடிக்கும்போது அவரிடம் பாய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. ஆகவே, பாய்ச்சல் இல்லாதவர் ஓட்டத்தை வேகமாக்கியே தீரவேண்டும். ஹிரோனாகாவின் நிலையும் இதுவே என்பது எங்கள் கருத்து. அவர் முன்னே ஓடியது தவறன்று. வேகத்தை இன்னும் முன்னரே, இன்னும் கடுமையாகக் கூட்டியிருந்தால் பாருலின் வரம்பு தீர்ந்திருக்கக்கூடும். கூட்ட அவருக்கே வலு இருந்திருக்காது என்பதும் உண்மை.

இந்த உவமைக்கு ஏற்ற வாழ்க்கை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த, இராணுவத்தில் பணியாற்றும் அவினாஷ் சாப்ளே, 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் வீரர். இருபத்தெட்டுத் தடைகளையும் ஏழு நீர்த்தடைகளையும் தாண்டி ஓடும் ஓட்டம் அது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரபாத் நகரில் அவர் 8 நிமிடம் 12.48 நொடியில் ஓடினார். மறுமாதம் அமெரிக்காவின் யூஜின் நகரில் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஓட்டம். எவரும் வேகம் கொடுக்கவில்லை. பதினைந்து பேரும் ஒரே கொத்தாக ஊர்ந்தனர். மொராக்கோவின் சுஃபியான் எல் பக்காலி 8 நிமிடம் 25.13 நொடியில் வென்றார். உலகச் சாம்பியன் போட்டிகளில் அதுவரை இவ்வளவு மெதுவாக எவரும் அத்தங்கத்தை வென்றதில்லை. சாப்ளேவின் சொந்தச் சிறந்த நேரம் அவ்வெற்றி நேரத்தைவிடப் பன்னிரண்டு நொடிக்கு மேல் விரைவானது. ஆயினும் அவர் வந்தது பதினோராவதாக.

மூன்று வாரம்கூட முழுதாகக் கடக்கவில்லை. ஆகஸ்டு 6-ஆம் நாள் பர்மிங்ஹாமில் காமன்வெல்த் போட்டி. இம்முறை கென்யர்கள் வேகமாகவே ஓடினர், சாப்ளேவும் விடவில்லை. கென்யாவின் ஆபிரகாம் கிபிவோட் 8 நிமிடம் 11.15 நொடி, சாப்ளே 8 நிமிடம் 11.20 நொடி. இடைவெளி ஒரு முழத்துக்கும் குறைவு. 1994-க்குப் பின் அப்போட்டியில் கென்யர் அல்லாத ஒருவர் இவ்வோட்டத்தில் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. அதே மனிதர், அதே கால்கள், அதே பயிற்சி. யூஜினில் அவர் சோம்பியிருந்தார் என்றோ பர்மிங்ஹாமில் தெய்வம் துணைநின்றது என்றோ சொல்ல வேண்டியதில்லை. ஓட்டத்தின் வேகம் மாறியது, பயன்பட்டவரும் மாறினார்.

தகுதிச் சுற்றுகளிலும் இதே கதைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சாப்ளே ஓடிய பிரிவு மிக வேகமானது. 8 நிமிடம் 18.12 நொடி என்ற தேசியச் சாதனையுடன் அவர் ஏழாவதாக வந்து வெளியேறினார். மற்றொரு பிரிவில் முதல் மூவராக வந்து நேரடித் தகுதி பெற்றவர்கள் எவரும் அவ்வளவு விரைவாக ஓடவில்லை! அவர்களுள் ஒருவரே இறுதியில் தங்கம் வென்ற எல் பக்காலி. இதனை அநீதி என்று நம்மவர் பலர் வருந்தினர். நாங்களும் வருந்தினோம், ஆனால் விதி தெளிவாகவே இருந்தது. 2023-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உலகச் சாம்பியன் போட்டி முதல், 1,500 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கும் நேரத்தின் அடிப்படையில் தகுதி பெறும் வாய்ப்பு அறவே நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஸ்டீபிள்சேஸில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஐவருக்கே இடம். புடாபெஸ்டில் சாப்ளே தம் பிரிவில் ஏழாவதாக வந்தார்.

அதிலிருந்து அவர் என்ன கற்றார் என்பதை ஆறு வாரங்களில் ஹாங்சோவில் பார்த்தோம். அங்கே அவர் எவரையும் காத்திருக்கவில்லை. தொடக்கத்திலேயே முன்னே சென்று, இடைவெளியைச் சுற்றுக்குச் சுற்று விரித்து, 8 நிமிடம் 19.50 நொடி என்ற ஆசியப் போட்டிச் சாதனையுடன் வென்றார். இரண்டாவதாக வந்தவர் நான்கு நொடிக்கு மேல் பின்னே இருந்தார். கடைசிச் சுற்றில் பாய்ச்சல் போட்டியே நிகழாதவாறு பார்த்துக்கொண்டதுதான் அவ்வெற்றி.

மெதுவான ஓட்டத்தில் ஒருமுறை பயன்பெற்றவர் மறுமுறை அதற்கே இரையாவதும் உண்டு. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஸ்டீபிள்சேஸ் இறுதி ஓட்டம் யூஜினைவிடவும் மெதுவாகச் சென்றது. எல் பக்காலி வழக்கம்போலக் கடைசியில் முன்னேறி, வெற்றிக்கோட்டை நெருங்கினார். நியூசிலாந்தின் ஜியார்டி பீமிஷ் அவரை 0.07 நொடியில் முந்தினார். பீமிஷ் தகுதிச் சுற்றில் கீழே விழுந்து, மற்றொருவரின் ஆணிக்காலணி முகத்தில் பட எழுந்து ஓடி வந்தவர். அதே போட்டியின் 10,000 மீட்டரிலும் ஓட்டம் ஊர்ந்தது. பிரான்சின் ஜிம்மி கிரேசியே எத்தியோப்பியாவின் யோமிஃப் கெஜெல்சாவை 0.06 நொடியில் வென்றார். வெற்றி நேரம் 28 நிமிடம் 55.77 நொடி. ஜோஷ்வா செப்டகேயின் உலகச் சாதனை 26 நிமிடம் 11.00 நொடி என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் மெதுவின் அளவு விளங்கும். மெதுவான ஓட்டம் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைக்கும் என்றாலும் உள்ளே நுழைய ஒரு பாய்ச்சல் வேண்டும். அவ்வாண்டு ஆசியச் சாம்பியன் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற நம் குல்வீர் சிங், அந்த ஓட்டத்தில் பதினாறாவதாக வந்தார்.

வேகமாக்கினால் போதுமா என்றால், அதுவும் இல்லை. முன்னே ஓடுபவர் எதிர்க்காற்றை மார்பில் வாங்குகிறார். பின்னே வருபவர் அவர் நிழலில் சிக்கனம் செய்கிறார். மேலும், பின்னிருப்பவருக்கு முன்னால் ஓர் இலக்கு உண்டு. முன்னிருப்பவருக்குக் காலடி ஓசை மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 1,500 மீட்டரில் நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்சென் மற்றவர்களைக் களைக்கச் செய்யும் நோக்குடன் முதல் சுற்றிலேயே கடும் வேகம் கொடுத்தார். அவர் அமைத்த வேகத்திலேயே பின்னவர்கள் தங்கள் வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தை ஓடினர். அமெரிக்காவின் கோல் ஹாக்கர் உள்வரிசையில் கிடைத்த இடைவெளியில் புகுந்து 3 நிமிடம் 27.65 நொடி என்ற ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். ஊதியமில்லாத பேஸ்மேக்கராகிவிட்ட இங்கெபிரிக்சென் நான்காவதாக வந்தார்.

எங்கே ஓடுவது என்பதும் கணக்குத்தான். உள்கோட்டை ஒட்டி ஓடுபவரைவிட ஒரு மீட்டர் வெளியே ஓடுபவர், ஒவ்வொரு வளைவிலும் 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். முழுச் சுற்றுக்கு ஆறே கால் மீட்டர். மூன்றரை மீட்டரில் பதவி கைமாறும் உலகில் இது சில்லறை அன்று. ஆனால் உள்கோட்டை ஒட்டியே ஓடுபவர் கூட்டத்தில் அடைபட்டுப் போவார். பிறர் பாயும்போது வெளியேற வழியிராது. உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலோ அதைவிடப் பெரும் இழப்பு. புதுக்கோட்டையைச் சேர்ந்த ஜி. லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வர் ஆசியச் சாம்பியன் போட்டியில், ஜூலை மாதப் புழுக்கத்தில், 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றவர். புழுக்கம் என்றால் என்னவென்று தீவுவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியின் 10,000 மீட்டரில் அவர் மூன்றாவதாக வந்து, மூவண்ணக் கொடியும் போர்த்திக்கொண்டார். ஓட்டத்தினிடையே அவர் கால் தளத்தின் உட்புறம் பட்டதாகக் கண்டறிந்து நடுவர்கள் அவரைத் தகுதி நீக்கம் செய்தனர். வெண்கலம் சீன வீரருக்குச் சென்றது. இருபத்தைந்து சுற்றில் ஓர் அடி!

அதே ஜகார்த்தாவில், நெடுந்தூரம் அல்லாவிடினும் இதே இயல்புடைய 800 மீட்டரில், இந்தியர் எல்லாரும் எதிர்பார்த்தது ஜின்சன் ஜான்சனை. ஸ்ரீராம் சிங் 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமைத்த தேசியச் சாதனையை அவர் அப்போதுதான் முறியடித்திருந்தார். வென்றவரோ மஞ்சித் சிங். நிலையான வேலைகூட அப்போது இல்லாதவர். 1 நிமிடம் 46.15 நொடியில் அவர் தங்கமும், 0.20 நொடி பின்னே ஜின்சன் வெள்ளியும் பெற்றனர். எல்லாருடைய கண்ணும் ஒருவர் மீது இருக்கும்போது மற்றவர் எப்போது புறப்பட்டார் என்பதை எவரும் கவனிப்பதில்லை. இரு நாள் கழித்து 1,500 மீட்டரில் ஜின்சன் தங்கம் வென்று கணக்கை நேர் செய்துகொண்டார்.

பம்பூ பிளாட் வாடிக்கையாளரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. வரிசையில் ஆட்கள் நின்றிருந்தனர். மகனுக்குக் கடைசி இருநூறு மீட்டரில் பாய்ச்சல் உண்டா என்று மட்டும் கேட்டோம். இல்லை, சீராக ஓடுவான் என்றார். அப்படியானால் முன்னே ஓடுவதில் தவறில்லை என்றோம். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடுவதுதான் தவறு. முதல் இரு சுற்றுகளில் இரண்டாமவனாகவோ மூன்றாமவனாகவோ உள்வரிசையில் ஒட்டி ஓடட்டும். முடிவுக்கு அறுநூறு மீட்டர் இருக்கையில், மற்றவர்கள் மணிக்காகக் காத்திருக்கும் வேளையில், சற்றே வேகம் கூட்டி அதைக் குறைக்காமல் ஓடிப் பார்க்கட்டும். பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்டே செய்யச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தோம்.

சில மாதங்கள் கழித்து, குழுவின் பணத்தைச் செலுத்த அவர் வந்திருந்தார். பையிலிருந்து உறையிட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "மூணாவது, சார். கடைசில ஒருத்தன் தாண்டிட்டான். இன்னொருத்தனைக் கிட்டவே விடலை" என்றார். சான்றிதழில் இருந்த மையொப்பம் இன்னும் புதிதாக இருந்தது. இரண்டு நகல்கள் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம்.